இரண்டு பெடல் வண்டி

பம்பாய் செம்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். இட்லி வடை சாப்பிட்டு, ஒருவர் வண்டியை இன்னொருவர் குறை சொல்லி, பத்து மணிக்குக் கலைந்துவிடுவார்கள். எனக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. முப்பத்தெட்டு வருடம் இப்படிப்பட்ட வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்ற பாத்தியதையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். ஓய்வு பெற்று நெருளில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் வந்துவிடலாம்.

இவர்கள் ஆண்டுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ‘ஒர்க்‌ஷாப் அனுபவத்தைச் சுவையாக எழுதுங்க அங்கிள்’ என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். சிரிக்க வைக்கும் சங்கதிகள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் போன மாதம் நடந்ததற்குப் பிறகு வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகப் படும். ஆகவே சுவைக்கு நான் பொறுப்பில்லை.

அன்று எல்லோரும் ஒரே வண்டியைச் சுற்றி நின்றார்கள். கரும்பச்சை நிறம். இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் செய்த கூப்பே. பம்பாயில் அந்த ரகத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மேல் உடம்பு மட்டும்தான் அது. அடித்தகடு, எஞ்சின், கியர், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் இன்றைய வேகக் கார் ஒன்றினுடையது. அந்தக் காரின் மேல் கூட்டைக் கழற்றிவிட்டு, இதன் கூட்டை அதன்மேல் இறக்கிப் பொருத்தியிருந்தார்கள்.

“பாடி மட்டும்தான் பழசு அங்கிள். அந்தர் சப் நயா, உள்ள எல்லாம் புதுசு” என்றான் கார்த்திக். குழுவை நடத்துகிறவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. “பின்னாடி மட்கார்டைப் பாருங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இழுத்து விட்டிருக்காங்க. புது ஆக்ஸில் அகலம் ஜாஸ்தி, உள்ள அடங்கல. டயர் சைஸ் பாத்தீங்களா? ட்ரக்குக்குப் போடலாம்.”

மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மீட்டர் நாலையும் பிடுங்கிட்டு டிவி மாதிரி ஒண்ணை வெச்சிருக்கான். பெட்ரோல் வாசனையே இல்லை. பேஷண்ட் போயிட்டார், ஃபோட்டோவுக்கு மட்டும் நன்னா ஃப்ரேம் போட்டுருக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கதவை ஒருமுறை சாத்திப் பார்த்து, “சத்தமே வேற. பழைய பூட்டு இல்ல” என்று என் பங்குக்கு ஒன்றைப் போட்டேன். இன்னொருமுறை சாத்தலாம் என்று கதவைத் திறந்தபோது கீல் பக்கம் குனிந்தேன். கீழ்க் கீலுக்கு அடியில், பெயின்டுக்கு உள்ளே, மூன்று புள்ளிகள் முக்கோணமாகத் தெரிந்தன. பஞ்ச் வைத்துத் தட்டிய புள்ளிகள். தட்டியது நான். வண்டி ஒன்று மனசுக்குப் பிடித்தபடி முடிந்தால் யாருக்கும் தெரியாமல் அப்படி ஒரு குறி வைப்பேன். மொத்தம் ஐந்தாறு வண்டிகளில்தான் வைத்திருக்கிறேன். அவற்றில் இந்த ரகம் ஒன்றே ஒன்று. அப்போது அது பாலாடை நிறத்தில் இருந்தது.

எனக்குப் போட்ட நாற்காலி எங்கே என்று தேடினேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வைத்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தாராவியில் பிறந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பத்தாவதில் கோட்டை விட்டு, சயானில் லாரி ஒர்க்‌ஷாப்பில் நாலு வருடம் கிரீஸும் ஏச்சும் தின்றேன். பிறகு வடாலாவில் வைத்தி சாரின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

வைத்தி சார் எஞ்சினியர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். பழைய கார்களைப் பிறந்தபடியே ஆக்கித் தருவது அவர் தொழில். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. காலை எட்டரைக்கு வருவார். நாங்கள் முடித்த வேலையைக் கண்ணால் பார்க்கமாட்டார். கைக்குட்டையை விரலில் சுற்றி, யாரும் பார்க்காத இடமாகத் தேடித் துடைப்பார். பிறகு ஒரே கேள்வி கேட்பார். “ஒரிஜினல்தானே?”

முப்பது வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் கைக்குட்டையை விரித்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கு லாரி ஒர்க்‌ஷாப் முதலாளியின் அடி தேவலை.

வண்டியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி பால் பவுடர் டப்பாவுக்குள் போகும். டப்பாவில் சீட்டு. அதே ஓட்டையில் அதே போல்ட் திரும்பிப் போக வேண்டும். ஸ்க்ரூவின் கோடுகள் எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பெனி போட்ட கேட்லாக்கை ஃபைலில் வைத்துக்கொண்டு சார் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். ஏனென்றால் பழைய கார்களுக்கான போட்டியில் நூறு மார்க்குக்கு ஒரு தாள் உண்டு. ஒரு ஹோஸ் கிளிப் நம் ஊர்க் கடையில் வாங்கியது என்று நடுவர் கண்டுபிடித்தால் அரை மார்க் போகும். அந்த அரை மார்க்குக்காக நாங்கள் சோறு தண்ணி இல்லாமல் திரிந்திருக்கிறோம். அதில் எனக்கும் போதை இருந்தது. எல்லாவற்றையும் சாரின் தலையில் மட்டும் கட்டப் போவதில்லை.

அந்த நாளில்தான் செல்வராஜ் அண்ணாச்சி வந்தார். வடாலாவில் பிளைவுட் வியாபாரம், உடன்குடிப் பக்கத்துக் குடும்பம். சிரிப்பு வந்தால் கடை அதிரும். யாரோ ஒரு பார்சிப் பெரியவரிடமிருந்து அந்தக் கூப்பேயைத் துருப்பிடித்த கோலத்தில் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். “எப்படிப் பொறந்துச்சோ அப்படி ஆக்கித் தந்திரணும் மாரி” என்றார். மாரியப்பன் என்ற என் பெயரை முதல் நாளே பாதியாக்கிவிட்டார்.

ஏழு மாதம் வேலை. கடைசியாக பிரேக். அந்தக் கால வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கிற மாதிரி. ஓரிடத்தில் ஒழுகினால் எங்கும் வராது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன சிலிண்டர், அதற்குள்ளே காசு அகலத்துக்கு ரப்பர் கப். ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது அந்த கப்பின் மெல்லிய உதடு மட்டும்தான்.

அந்தக் கப்புகளை சார் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அந்தக் கார் கம்பெனியே போட்ட பெட்டி, சீல் உடையாதது. காரோடு ஒரே காலத்தில் பிறந்தது. சார் பெட்டியைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

நான் ஒரு கப்பை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் நகம் பதியவில்லை. புது ரப்பர் என்றால் நகம் பதிந்து எழும்.

“சார், கொஞ்சம் கட்டியா இருக்கு. இதே சைஸ் தாதர்ல புதுசு கெடைக்கும்.”

“சீல் உடையலையே மாரி” என்றார், அவருடைய அந்த மெல்லிய குரலில். “பிரிக்காத பெட்டி. இதைவிட ஒரிஜினல் எங்கே கிடைக்கும்?”

வண்டி முப்பது வருடம் ஓடினால் ரப்பர் தேயும் என்று எங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதும் தெரியும். தெரிந்தும் பெட்டியின் சீலைத்தான் நம்பினோம். இந்தப் பைத்தியம் எங்கள் தொழிலில் மட்டும்தான் உண்டு. டிரம்மைக் கழற்றி, சிலிண்டரைப் பிரித்தால் ஒழிய எந்த நடுவர் கண்ணுக்கும் தெரியாத சாமான் அது. இருந்தாலும் காலிப் பெட்டியை டிக்கியில் விரித்து வைத்துப் போட்டியில் காட்டினோம்.

நான் அந்தக் கப்புகளை ஒரு நாள் முழுக்க பிரேக் ஆயிலில் ஊறப்போட்டேன். கொஞ்சம் இளகினது. பூட்டினேன். ஒரு ஆள் பெடலை மிதிக்க, நான் ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தேன். மிதி, பிடி, விடு. பாட்டிலில் குமிழி நிற்கும்வரை. பிறகு நானே ஏறி மிதித்தேன். கல்லு மாதிரி நின்றது. சார் கைக்குட்டையால் டிரம்மைச் சுற்றித் துடைத்தார், கேள்வி கேட்டார், நான் “ஒரிஜினல் சார்” என்றேன். கதவுக் கீலுக்கு அடியில் மூன்று புள்ளி வைத்தேன். போட்டியில் வண்டி முதல் பரிசு வாங்கியது.

நாலு மாதம் கழித்து, அண்ணாச்சியும் அவர் மனைவி பாக்கியம் மதினியும் லோனாவ்லா போய்விட்டுத் திரும்பும்போது மலைப்பாதையான காட் ரோட்டு இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் பாறை. பாறையில் மோதி நின்றது. அண்ணாச்சிக்கு இடது முழங்கால் நொறுங்கியது. மதினிக்கு இடது தோள்.

நொறுங்கிய வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். சார் பக்கத்தில் நிற்க, நான் ஜாக்கி வைத்தேன். முன்பக்கம் அப்பளமாகக் கிடந்தது. அங்கே எது எதனால் உடைந்தது என்று சொல்ல முடியாது. அடி படாத பின் சக்கரங்களுக்குப் போனேன். வலது டிரம் காய்ந்து சுத்தமாக இருந்தது. இடது டிரம்மை இழுத்ததும் ஆயில் என் மணிக்கட்டில் வழிந்தது. பிரேக் ஷூ இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. சிலிண்டரைப் பிரித்தேன். கப்பின் உதட்டில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு இல்லை. மிச்சத்தை நகத்தால் அழுத்தினேன். வறட்டி உதிர்வதுபோல உதிர்ந்தது. இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்த சூட்டில் வாய் விட்டிருக்கிறது.

கையில் வைத்து நீட்டினேன். சார் கைக்குட்டையை எடுத்தார். அந்தக் கறுப்பு ரப்பரை அதில் வைத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆயில் பைக்கு வெளியே ஊறி வந்தது. அவர் உடுப்பில் கறை பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“ரெண்டு பேரும் உயிர் தப்பினாளே, அது போறும்” என்றார். கொஞ்சம் கழித்து, “யாராவது கேட்டா சொல்லிடுவோம்” என்றார்.

யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை மறுநாள் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. அண்ணாச்சி நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் தப்பு மாரி. பிரேக்குன்னு நெனச்சு கிளச்ச மிதிச்சிட்டேன்.”

“யாரு சொன்னா அண்ணாச்சி?”

“யாரு சொல்லணும்? காலு அப்படியே உள்ள போச்சு வே, ஒரு தடையும் இல்ல. பிரேக்குன்னா அப்படியா போவும்? நீ பூட்டுன பிரேக்கு கல்லு மாதிரில்லா இருக்கும். போலீஸ்காரன்ட்டயும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்.”

பக்கத்துக் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மதினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். “எந்தக் காலு எங்க மிதிக்குன்னு தெரியாத மனுசனுக்கு எதுக்கு வண்டி?”

அவர் தன்மீது வைத்த நம்பிக்கையைவிட என் வேலைமீது வைத்த நம்பிக்கை பெரிதாக இருந்தது. அதை உடைத்திருக்க வேண்டும். “ஒடம்பப் பாத்துக்கோங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வந்தேன். கோழைத்தனம் என்பதற்கு வேறு பெயர் தேடிப் பிரயோஜனமில்லை.

வண்டியைத் திரும்பச் செய்து தருகிறேன் என்று சார் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி வேண்டாம் என்று குடோனில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லா வண்டிக்கும் சார் தாதரில் வாங்கிய புதுக் கப் போடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரை மார்க் போனால் போகட்டும் என்று விட்டோம். ஒருநாள் சாரும் போய்ச் சேர்ந்தார். அந்த உண்மைக்கு நான் ஒருவன்தான் மிச்சம் என்று அவர் வீட்டு வாசலில் நின்றபோது தோன்றியது. அப்போதும் ரயில் ஏறி வீட்டுக்குத்தான் போனேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

மைதானத்தில் நான் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன மாரி, கண்டுபிடிச்சிட்டியா? ஒம் புள்ள எப்படி இருக்கான்?”

செல்வராஜ் அண்ணாச்சி. முடி முழுக்க வெளுத்து, கைத்தடியோடு, மடங்காத இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார். சிரிப்பு மட்டும் அதேதான். வண்டியின் சொந்தக்காரர் வந்துவிட்டதைப் பார்த்ததும் கூட்டத்தின் சத்தம் இறங்கியது. கார்த்திக் மட்டும் விடவில்லை.

“அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ ரேர் வண்டியை எதுக்கு இப்படிப் பண்ணீங்க? ஒரிஜினலாவே செய்திருக்கலாமே.”

“ஒரிஜினலாத்தான் இருந்துச்சு தம்பி. இந்தா நிக்காருல்லா, இவருதான் செஞ்சாரு. பிரைஸெல்லாம் வாங்குச்சு. ஓட்டுனவன்தான் சரியில்ல.” அண்ணாச்சி தடியால் டிரைவர் பக்கத்துக் கால்மாட்டைக் காட்டினார். “எட்டிப் பாரு. எத்தன பெடல் இருக்கு?”

“ரெண்டு. ஆட்டோமேட்டிக்.”

“அதுக்குத்தான் இம்புட்டும். காலு மடங்காதுங்கறது ஒண்ணு. ஆனா அது பெருசில்ல, கையால கிளச் பிடிக்க வழி இருக்குன்னானுவ. எனக்கு ரெண்டு பெடல்தான் வேணும்னு சொல்லிட்டேன். மூணு இருந்தா எங்காலு மாத்தி மிதிச்சிரும். ஒருக்க மிதிச்சது போதும். ரெண்டு பெடல் வண்டியா நல்லா வேகமா நிக்கிற வண்டி எதுன்னு பாத்து, அதுமேல இத ஏத்துங்கன்னேன். ஆர்.டி.ஓ. பேப்பருக்கு ரெண்டு வருசம் அலைஞ்சேன்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் லேசாகச் சிரித்தார்கள். எனக்கு அந்த மட்கார்டை இழுத்து அகலமாக்கிய இடம் கண்ணில் பட்டது. பிடுங்கிய மீட்டர்கள், மாற்றிய பூட்டு, காற்றில் இல்லாத பெட்ரோல் வாசனை. இத்தனை நேரம் நாங்கள் எவனோ ஒரு ரசனை கெட்ட மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். இந்த வண்டியை வெட்டியவன் நான். நான் வாய் திறந்திருந்தால் இவர் கால்மீது இவருக்குச் சந்தேகம் வந்திருக்காது.

“அண்ணாச்சி, நீங்க கிளச்ச மிதிக்கல” என்றேன்.

அவர் காதில் சரியாக விழவில்லை. கிட்டே போய்த் திரும்பச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சீல் உடையாத பெட்டி, பதியாத நகம், ஊறப்போட்டது, இடது பின் சக்கரம், சாரின் கைக்குட்டை, ஆஸ்பத்திரி. சாட்சிக்கு ரப்பரும் இல்லை, சாரும் இல்லை, என் பேச்சு மட்டும்தான் என்பதையும் சொன்னேன். டாக்டரும் கார்த்திக்கும் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தது.

அண்ணாச்சி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

“அப்பம் எங்காலு சரியாத்தான் மிதிச்சிருக்கு?”

“சரியாத்தான் மிதிச்சிருக்கு அண்ணாச்சி. பிரேக்குதான் இல்ல. நீங்க பாறைப் பக்கம் திருப்பாட்டா ரெண்டு பேரும் பள்ளத்துல போயிருப்பிய.”

அவர் திரும்பி, தூரத்தில் வேப்ப மரத்தடியில் நின்ற வீட்டு வண்டியைப் பார்த்தார். அவர் மகன் ஓட்டி வந்த வண்டி. அதற்குள் மதினி உட்கார்ந்திருந்தார். இந்தக் கூப்பேயில் அவர் ஏறுவதில்லை. அண்ணாச்சி கையிலிருந்த தடியைத் தூக்கி ஆட்டினார்.

“பாக்கியம், இங்கன வா. மாரி என்னமோ சொல்லுதான், கேளு.”

மதினி இறங்கி வந்தார். இடது கையை வீசாமல் உடம்போடு ஒட்டிவைத்தே நடந்தார். அவரிடம் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தியளே. அப்பமே தெரியுமா தம்பி?”

“தெரியும் மதினி.”

“நான் இவுகள ஏசுனத நின்னு கேட்டிய.”

“கேட்டேன்.”

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டிப் போய், கூப்பேயின் இடது கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். மாற்றிய பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் இழுத்தார். அண்ணாச்சி போய்த் திறந்துவிட்டார். மதினி உள்ளே உட்கார்ந்து சேலை முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி சுற்றி வந்து என் முன்னால் நின்றார். சிரிப்பு இல்லாத அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

“ஒனக்கு என்ன சொல்லன்னு தெரியல மாரி. இன்னைக்கு ஒண்ணும் சொல்லல” என்றார். தடியைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறினார்.

இன்றுவரை அவர் போன் வரவில்லை. நானும் போடவில்லை. அது அவர் உரிமை. அடுத்த போட்டிக்கு நடுவராக உட்காரச் சொல்லிக் கேட்க கார்த்திக் அன்று கொண்டுவந்திருந்த மார்க் தாளை என்னிடம் நீட்டவில்லை. அந்தத் தாளில் பிரேக்குக்கு ஒரு கட்டம் உண்டு. ஒரிஜினலா என்று மட்டும் கேட்கும். பிடிக்குமா என்று கேட்க அதில் இடம் கிடையாது. இந்த மலரைப் படிக்கிறவர்கள் அடுத்த போட்டிக்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் நல்லது.

மைதானத்தின் கேட்டுக்கு முன்னால் இறக்கமும் ஒரு ஸ்பீட் பிரேக்கரும் இருக்கின்றன. அன்று வண்டி அந்த இறக்கத்தில் இறங்கும்போது மதினியின் வலது கை டேஷ்போர்டைப் பிடிப்பது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி ஸ்பீட் பிரேக்கருக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றது. மதினி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போனார்கள்.